கடையில் புத்தகம் இருக்கிறது, பணம்தான் போகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டப்படி விற்கலாம் என்றிருக்கிற புத்தகங்களைப் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் விற்கவிடாமல் செய்வதைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சின்ன மின்னூல் கடைக்குச் சில வருடம் கணக்குவழக்கு பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு புத்தகத்தை எழுதவோ, விற்கவோ, வாங்கவோ சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வாசகரின் கார்டிலிருந்து கடைக்காரரின் கணக்குக்குப் பணத்தைக் கொண்டுசேர்க்கிற நிறுவனம், "இந்த மாதிரிப் புத்தகம் விற்கிற கடைக்கு நாங்கள் பணம் வாங்கித் தரமாட்டோம்" என்று சொல்லிவிடுகிறது. கடைக்காரர் வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்துவிடுகிறார். இதில் வழக்கு கிடையாது, அரசாணை கிடையாது. தடை என்ற சொல்கூட எங்கும் வராது.

பணம் எந்த வழியாகப் போகிறது? அதில் யார் கை வைக்க முடியும்?

நீங்கள் ஒரு மின்னூலுக்கு 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். கார்டு எண்ணைப் போடுகிறீர்கள், ஓடிபி வருகிறது, திரையில் ஒரு வட்டம் ஐந்தாறு நொடி சுற்றுகிறது. அந்த நேரத்துக்குள் நாலு பேர் தலையாட்டியாக வேண்டும். கடைக்கும் வங்கிகளுக்கும் நடுவில் பணம் வாங்கித்தரும் சேவையான பேமெண்ட் கேட்வே முதல் ஆள். பேபால், ஸ்ட்ரைப் எல்லாம் இந்த இடத்தில் வருபவை. அடுத்து, கடைக்காரருக்காகப் பணத்தைப் பெறும் வங்கி. அப்புறம் விசா, மாஸ்டர்கார்ட் போன்ற கார்டு நெட்வொர்க். கடைசியில் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி.

விதிகள் மேலிருந்து கீழே இறங்கும். நெட்வொர்க் தன் விதியை வங்கிக்குச் சொல்லும், வங்கி கேட்வேக்குச் சொல்லும், கேட்வே கடைக்குச் சொல்லும். அபராதமும் அதே வழியில்தான் இறங்கும். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் தன் தலைக்கு வந்துவிடக் கூடாது என்று விதியைக் கொஞ்சம் இறுக்கி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். கடைக்கு வந்து சேரும்போது அது மூல விதியைவிடப் பல மடங்கு கடுமையாகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வணிகத்துக்கும் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. புத்தகக் கடைக்கு 5942. வயதுவந்தோருக்கான உள்ளடக்கம் விற்கும் தளங்களுக்குப் பெரும்பாலும் 5967. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிவிட்டால் கட்டணம் ஏறும், பல கேட்வேக்கள் சேர்த்துக்கொள்ளவே மறுக்கும். கடையின் கணக்கையே அவர்கள் மூடினால், அப்படி மூடப்பட்ட கடைகளுக்கென்று மாஸ்டர்கார்ட் பராமரிக்கும் 'மேட்ச்' பட்டியலில் பெயர் ஏறிவிடக்கூடும்; ஏறினால் 5 வருடம் அங்கேயே இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு வேறொரு வங்கி உங்களைச் சேர்த்துக்கொள்வது அபூர்வம். ஒற்றை மின்னஞ்சலுக்குக் கடைக்காரர்கள் நடுங்குவது இதனால்தான்.

இது முதலில் பெரிதாக வெளியே வந்தது எப்போது?

புத்தகத்தைப் பொறுத்தவரை, 2012 பிப்ரவரியில். ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்று ஒரு தளம். கலிபோர்னியாவில் மார்க் கோக்கர் 2008இல் தொடங்கியது. பதிப்பாளர் கிடைக்காதவர்கள், பதிப்பாளரே வேண்டாம் என்றவர்கள் தாங்களே மின்னூல் போட்டு விற்க வசதி செய்த முன்னோடி அது. 2012 பிப்ரவரி 18, ஒரு சனிக்கிழமை, பேபாலிடமிருந்து அதற்குக் கெடு வந்தது: வன்புணர்வு, இரத்த உறவுக்குள் பாலுறவு, விலங்குகளோடு உறவு, வயதுவராதோர் ஆகியவற்றைக் காமக் கிளர்ச்சிக்காகக் காட்டும் பாலியல் புனைவுகளை நீக்குங்கள், இல்லையென்றால் பேபால் சேவை நின்றுவிடும். அதே காலத்தில் புக்ஸ்ட்ராண்ட், ஆல் ரொமான்ஸ் போன்ற தளங்களுக்கும் இதே மாதிரி நெருக்கடி வந்தது.

வயதுவராதோர் விஷயத்தில் ஸ்மாஷ்வேர்ட்ஸிடம் ஏற்கெனவே தடை இருந்தது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. மற்ற வகைகள்தான் சிக்கல். சட்டம் அவற்றை மொத்தமாகத் தடுக்கவில்லை. ஒரு கதையில் வன்புணர்வு வருவதும், அதைக் கிளர்ச்சிக்காக எழுதியிருப்பதும் வேறு வேறு. எது எது என்பதைப் படித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தன்னுடைய சின்ன வயதில் வீட்டுக்குள் நடந்த கொடுமையை ஒரு பெண் நாவலாக எழுதியிருந்தால் அது எந்தப் பக்கம் போகும்? பிரிக்கும் வேலையைக் கடையின் தலையில் கட்டினார்கள். நேரம் இல்லாத கடை வகையை மொத்தமாகத்தான் எடுக்கும்.

அப்படியானால் பேபாலை விட்டு வெளியேறியிருக்கலாமே என்று பலர் அன்று கேட்டார்கள். வாசகரிடம் பணம் வாங்கியதும் பேபால் வழியாக, எழுத்தாளர்களுக்கு ராயல்டி அனுப்பியதும் பேபால் வழியாக. வெளியேறினால் காமக்கதை எழுதியவர் மட்டும் பாதிக்கப்படமாட்டார். சமையல் குறிப்பு எழுதியவருக்கும் அந்தத் தவணைப் பணம் சிக்கிவிடும். கோக்கர் பணிந்தார் என்று திட்டியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் விதியை மாற்ற ஒப்புக்கொண்ட கையோடு, நடந்ததை எழுத்தாளர்களுக்கு மின்னஞ்சலில் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு, பேபாலோடு பேச்சையும் தொடர்ந்தார். சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது.

அது எப்படி முடிந்தது?

மின்னணு உரிமைகளுக்கான இஎஃப்எஃப், தணிக்கைக்கு எதிரான தேசியக் கூட்டணி, அமெரிக்கப் புத்தகக் கடைக்காரர்களின் கருத்துரிமை அமைப்பு எல்லாம் சேர்ந்து குரல் கொடுத்தன. பேபால், வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் போட்ட விதி இது என்ற பொருளில் பேசியது. சட்டப்பூர்வமான புனைவின் மீது நாங்கள் நடவடிக்கை எடுப்பதில்லை என்று விசா எழுதிக்கொடுத்தது. ஆக, விதி யாருடையது என்பதே அந்தரத்தில் நின்றது.

மார்ச் 13 அன்று பேபால் இறங்கிவந்தது. அதன் புதிய நிலை நாலு விஷயம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசத்துக்கு இடமில்லை. மற்ற வகைகளில், ஆபாசப் படங்கள் சேர்ந்த, அமெரிக்கச் சட்டத்தின் இலக்கணப்படி ஆபாசம் என்று ஆகிற மின்னூல்களுக்கு மட்டுமே தடை. ஒரு வகையை மொத்தமாக நீக்கச் சொல்லாமல், குறிப்பிட்ட புத்தகத்தின் பெயரைச் சொல்லி அறிவிப்பு அனுப்புவோம். அந்த அறிவிப்பை எதிர்த்து எழுத்தாளரோ கடையோ பதில் சொல்ல வழி ஏற்படுத்துவோம்.

இந்த மூன்றாவதை நான் பெரிதாக மதிக்கிறேன். 'எந்தப் புத்தகம்?' என்ற கேள்விக்கு ஒரு பண நிறுவனம் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றியிருந்தால் இந்தப் பக்கத்துக்கு வேலை இருந்திருக்காது.

அதற்கு அப்புறம்?

ஜப்பானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டிஎல்சைட் என்பது அங்கே சுயமாக வரைபவர்களின் காமிக்ஸ், மின்னூல், விளையாட்டுகள் விற்கும் பெரிய தளம். 2024 மார்ச்சில் அது தன் பக்கத்திலிருந்த சில வகைப் பெயர்களை மாற்றி, பூசி மெழுகின சொற்களை வைத்தது. கார்டு நிறுவனங்களைச் சமாதானப்படுத்தத்தான். அதுவும் போதவில்லை. ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்ட், அமெக்ஸ் மூன்றும் அந்தத் தளத்தில் நின்றுபோயின. ஜேசிபி என்ற உள்நாட்டு நெட்வொர்க் இருந்ததால் கடை பிழைத்தது.

மங்கா லைப்ரரி இசட் தளத்தால் அப்போது தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது அதற்குத்தான். மங்கா ஓவியரான கென் அகமாட்சு தொடங்கிய சேமிப்பகம் அது. பதிப்பாளர்கள் கைவிட்ட, அச்சில் இல்லாத பழைய காமிக்ஸை ஓவியர்களின் சம்மதத்தோடு ஸ்கேன் செய்து படிக்கக் கொடுத்து, வருமானத்தை அவர்களுக்கே அனுப்பியது. அந்தத் தொகுப்பில் வயதுவந்தோருக்கான படைப்புகளும் இருந்தன. அதற்குப் பணம் வாங்கித்தந்த கட்டண நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது, 2024 நவம்பர் 26 அன்று தளம் மூடப்பட்டது. மறுபதிப்பே காணாத பழைய கதைகள், வேறு எங்கேயும் கிடைக்காதவை, அன்று அதோடு சேர்ந்து மறைந்தன. பாலியலுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நூலகத்தில் ஓர் அலமாரி பிடிக்கவில்லை என்று கட்டடத்துக்கே பூட்டுப் போட்ட மாதிரி.

2025இல் கணினி விளையாட்டு விஷயமாக ஏதோ நடந்ததே, அதற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் என்ற பிரசாரக் குழு, வன்புணர்வை விளையாட்டாகக் காட்டிய ஒரு கேமை முன்வைத்துப் பண நிறுவனங்களுக்குத் திறந்த கடிதம் எழுதியது. 2025 ஜூலையில் கேம் விற்கும் ஸ்டீம் தளம் ஏராளமான கேம்களை நீக்கியது. கட்டண நிறுவனங்கள், கார்டு நெட்வொர்க்குகள், வங்கிகள் ஆகியோரின் விதியை மீறக்கூடியவை விற்கப்படாது என்று தன் விதிமுறையிலேயே எழுதிக்கொண்டது. ஜூலை 24 வாக்கில் இட்ச் தளம் வயதுவந்தோருக்கான படைப்புகள் அனைத்தையும் தேடலிலிருந்து மறைத்தது. இட்ச் தளத்தில் கேம் மட்டும் இல்லை. காமிக்ஸ், சிறுபத்திரிகை, மின்னூல் என்று தனி மனிதர்கள் உண்டாக்கி நாலு டாலர், ஐந்து டாலருக்கு விற்கிற எல்லாம் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட கேமோ அதற்கு முன்பே அங்கிருந்து நீக்கப்பட்டிருந்தது.

கடைசியில் அந்த முடிவை எடுத்தது யார்?

இந்த விவகாரத்தில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. 2025 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்டர்கார்ட் ஓர் அறிக்கை விட்டது: நாங்கள் எந்த கேமையும் மதிப்பிடவில்லை, எந்தத் தளத்திலும் எதையும் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அதற்குப் பதில் சொன்னது: மாஸ்டர்கார்ட் எங்களோடு நேரடியாகப் பேசவில்லை, நாங்கள் கேட்டும் பேசவில்லை. கட்டண நிறுவனங்களோடும் வங்கிகளோடும் பேசியது. அவர்கள் எங்களிடம் மாஸ்டர்கார்டின் 5.12.7 என்ற விதியைக் காட்டினார்கள்.

அந்த விதியை எடுத்துப் பாருங்கள். சட்டவிரோதமான பரிவர்த்தனை கூடாது என்பதோடு, தன் நற்பெயருக்குக் கெடுதல் வரும் என்று நிறுவனம் தன் விருப்பப்படி கருதுகிற எதுவும் கூடாது என்கிறது. சட்டத்தைப் படித்தால் எது கூடாது என்று ஓரளவு தெரியும். இன்னொருவரின் நற்பெயருக்கு நாளைக்கு எது கெடுதல் என்று எந்த எழுத்தாளர் முன்கூட்டியே அறிந்து எழுத முடியும்?

மேலே இருப்பவர் "நான் சொல்லவில்லை" என்கிறார். நடுவில் இருப்பவர் "மேலே சொன்னார்கள்" என்கிறார். கடைக்காரர் "எனக்கு வேறு வழியில்லை" என்கிறார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் புத்தகம் போய்விட்டது. அதைப் படித்துப் பார்த்தவர் என்று ஓர் ஆள்கூட இந்த வரிசையில் இல்லை.

இந்த நிறுவனங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகின்றன?

வெறும் ஒழுக்கப் பிரசங்கம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் "நான் வாங்கவில்லை" என்று பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் இந்த வகையில் அதிகம் என்பது தொழிலில் உள்ளவர்களின் பழைய புலம்பல். அதைவிடப் பெரியது வழக்கு பயம். 2020 டிசம்பரில் பார்ன்ஹப் என்ற ஆபாச வீடியோத் தளத்தில் சம்மதமில்லாமல் ஏற்றப்பட்ட வீடியோக்கள் பற்றிய செய்தி வெடித்தபோது விசாவும் மாஸ்டர்கார்டும் விலகின. 2022இல் அமெரிக்க நீதிபதி ஒருவர், பாதிக்கப்பட்ட ஒரு பெண் போட்ட வழக்கிலிருந்து விசாவை ஆரம்பத்திலேயே விடுவிக்க மறுத்தார். அந்தப் பெண்களுக்கு நடந்தது உண்மையான கொடுமை. அங்கே பணத்தை நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த வீடியோக்களில் இருந்தவர்கள் உயிருள்ள மனிதர்கள். மாஸ்டர்கார்ட் 2021 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளும் காட்சியில் இருப்பவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் கேட்பவைதான். அவை அவசியம். ஒரு நாவலின் பாத்திரத்திடம் யார் ஆதார் கார்டு வாங்குவது? உயிருள்ளவர்களைக் காப்பாற்ற உண்டான பயத்தை எழுத்தின் மேல் அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள்.

தனியார் நிறுவனம்தானே, யாரோடு வியாபாரம் செய்வது என்பது அவர்கள் இஷ்டம் இல்லையா?

தெருவில் பத்து மளிகைக் கடை இருந்து ஒருவர் எனக்குச் சாமான் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போவேன். ஊருக்கே தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், அதைத் திறந்து மூடுகிறவர் "நீ என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால் அது வேறு கதை. நாடு கடந்து புத்தகம் விற்க விசாவும் மாஸ்டர்கார்டும் இல்லாமல் ஏறக்குறைய முடியாது.

ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் இதை ஒருமுறை நேராகப் பார்த்தது. 2010 டிசம்பரில், அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்துக்கு பேபால், மாஸ்டர்கார்ட், விசா மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கதவைச் சாத்தின. அப்போது அந்த விவகாரத்தில் விக்கிலீக்ஸ் மேல் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. நன்கொடை வாங்கிக்கொடுத்த டேட்டாசெல் நிறுவனம், விசாவின் ஐஸ்லாந்துக் கூட்டாளியான வாலிட்டர் மேல் வழக்குப் போட்டது. 2013 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தத்தை முறித்தது தவறு, 15 நாளில் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 8 லட்சம் குரோனா அபராதம். கருத்துரிமை என்று பெரிய பேச்சில்லை, ஒப்பந்தச் சட்டமே போதுமானதாக இருந்தது.

அரசாங்கம் பின்னாலிருந்து இதைச் செய்யச் சொன்னால்?

அமெரிக்காவில் அதற்கு ஒரு நல்ல தீர்ப்பு உண்டு, அதுவும் புத்தகத்தைப் பற்றியே. ரோட் ஐலண்ட் மாநிலம் 1956இல் இளைஞர் ஒழுக்கத்துக்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. ஆணையம் எந்தப் புத்தகத்தையும் தடைசெய்யவில்லை. 'ஆட்சேபகரமானது' என்று தான் நினைத்த புத்தகங்களின் பட்டியலை மொத்த வியாபாரிக்கு அரசுத் தாளில் கடிதமாக அனுப்பும். ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் எழுதும். சில நாள் கழித்து உள்ளூர் போலீஸ்காரர் கடைக்கு வந்து, கடிதம் வந்ததே, என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். வியாபாரி ஆளனுப்பிச் சில்லறைக் கடைகளில் மிச்சமிருந்த பிரதிகளை எல்லாம் திரும்ப வாங்கிப் பதிப்பாளருக்கு அனுப்பிவிடுவார். பேண்டம் புக்ஸ் உள்ளிட்ட பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இது தணிக்கையே என்று உச்ச நீதிமன்றம் 1963 பிப்ரவரி 18 அன்று தீர்ப்பளித்தது. (பேபாலின் கெடு வந்ததும் ஒரு பிப்ரவரி 18. தற்செயல்தான், ஆனால் எனக்கு மறக்கவில்லை.)

2015இல் சிகாகோ பகுதியின் ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், டாம் டார்ட், பேக்பேஜ் விளம்பரத் தளத்தைக் கைவிடும்படி விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் கடிதம் எழுத, இரண்டும் கைவிட்டன. நீதிபதி போஸ்னர் அந்த ஆண்டு நவம்பரில் ஷெரிஃபின் கையைக் கட்டிப்போட்டார். 2024 மே மாதம் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் அதே 1963 தீர்ப்பை மறுபடி எடுத்துச் சொன்னது: அரசு தான் நேரடியாகச் செய்யக் கூடாததை, இடையில் இருக்கும் நிறுவனத்தை மிரட்டிச் செய்யவைக்க முடியாது.

ஓட்டை எங்கே என்றால், கடிதம் எழுதியது அரசாக இல்லாமல் ஒரு பிரசாரக் குழுவாக இருந்தால் இந்தத் தீர்ப்புகள் எதுவும் உதவாது.

நம் ஊரில் யுபிஐ இருக்கிறதே?

இருக்கிறது, அது நிஜமான பலம். ஜப்பானில் ஜேசிபி செய்த வேலையை இங்கே யுபிஐயும் ரூபேயும் செய்யக்கூடும். ஆனால் கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரு கேட்வே வழியாகத்தான் யுபிஐ பணத்தையும் வாங்குகிறார், அந்த கேட்வேக்கும் தனியாக ஒரு தடைப்பட்டியல் உண்டு. கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழ் வாசகர் தன் ஊர் கார்டில் வாங்கினால் பழையபடி விசா, மாஸ்டர்கார்ட்தான். நம் சட்டத்தில் ஆபாசப் புத்தகத்துக்கான பிரிவு, பாரதிய நியாய சம்ஹிதாவின் 294. இலக்கியம், கலை, அறிவியல், கல்வி ஆகியவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. நான் பார்த்த கேட்வே பட்டியல்களில் அந்த விலக்கு இல்லை.

கிரிப்டோவில் விற்கலாமே?

விற்கலாம். நூறு ரூபாய் மின்னூலுக்கு அந்தச் சடங்கெல்லாம் செய்து வாங்கும் வாசகர் எத்தனை பேர்?

சரி, நீங்கள் என்னதான் கேட்கிறீர்கள்?

பேபால் 2012இல் ஒத்துக்கொண்டதைத்தான் கேட்கிறேன், எல்லாரிடமும். புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள். எந்தப் பகுதி, எந்த விதி என்று எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள், அந்தப் பதிலை ஒரு மனிதர் படிக்கட்டும். சட்டத்தைத் தாண்டிய விதி இருந்தால் அது உங்களுடையது என்று ஒத்துக்கொள்ளுங்கள். விவகாரம் முடியும்வரை அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் பணத்தை நிறுத்துங்கள், மொத்தக் கடைக்கும் வேண்டாம்.

குறிவைக்கப்படும் புத்தகங்களில் பலவற்றை நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன். சில எனக்கு அருவருப்பாக இருக்கும். அவற்றை விமர்சியுங்கள், கடைக்காரர் விரும்பி வைக்காமல் போகட்டும், சட்டத்தை மீறினால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். இந்த மூன்றிலும் முடிவெடுத்த ஆள் யார் என்று தெரியும்.

சின்னக் கடை வைத்திருக்கிறேன். நான் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

இரண்டு கேட்வேயாவது வைத்துக்கொள்ளுங்கள், அவை வெவ்வேறு வங்கியோடு இணைந்தவையா என்று கேட்டுப் பாருங்கள். வாசகரிடம் பணம் வாங்கும் வழியும் எழுத்தாளருக்கு அனுப்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டாம். புத்தகங்களின் கோப்பு, வாங்கியவர்களின் மின்னஞ்சல், ராயல்டி கணக்கு எல்லாவற்றுக்கும் தனியாக நகல் எடுத்து வையுங்கள். மின்னஞ்சல் வந்தால் பதறி எதையும் நீக்காதீர்கள். முதலில் எந்தப் புத்தகம் என்று எழுதிக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். எழுத்தாளர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் கணக்கு பார்த்த கடைக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் தளத்தில் எங்கள் கொள்கைக்குப் பொருந்தாத உள்ளடக்கம் இருக்கிறது" என்று இரண்டு வரி. கடையில் இருந்தது முந்நூற்றுச் சொச்சம் புத்தகம். நானும் கடைக்காரரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தோம். பிரசவத்துக்குப் பிந்தைய உடல்நலம் பற்றிய கையேடா, சங்கப் பாடல் உரையா, அட்டையில் கோயில் சிற்பம் போட்ட வரலாற்றுப் புத்தகமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். பயத்தில் ஏழு புத்தகங்களை நாங்களே மறைத்தோம். பதினொரு நாள் கழித்து, "உங்கள் கணக்கு செயல்பாட்டில் உள்ளது" என்று இன்னொரு மின்னஞ்சல். எந்தப் புத்தகம் என்று நாலு முறை எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை. அந்த ஏழில் மூன்றை மறுபடி விற்பனைக்கு வைத்தோம். மற்ற நாலும் இன்னும் மறைத்தபடிதான் இருக்கின்றன.